அரசுப் பள்ளிக்கு உங்களிடம் ஒரு யோசனை இருக்கிறதா? அதை நிதியோடு நடக்க வைக்கும் வழி

அரசுப் பள்ளியை எப்படி மேம்படுத்தலாம் என்று கேட்டால் யோசனை சொல்லாத ஆளே கிடையாது. கணினி கொடுக்கலாம், ஸ்மார்ட் போர்டு வைக்கலாம், சுவருக்கு வண்ணம் அடிக்கலாம், முன்னாள் மாணவர்களிடம் வசூல் பண்ணலாம். கூட்டம் கலையும், அதோடு யோசனையும் போய்விடும். வந்தவர்களுக்கு அக்கறை இல்லாமல் இப்படி ஆவதில்லை. என்ன குறை, அதைச் சரிசெய்ய வருஷா வருஷம் எவ்வளவு ஆகும், அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரவேண்டும், யார் கையெழுத்துப் போடவேண்டும், இந்த நாலு கேள்விக்கும் அங்கே யாரிடமும் பதில் இருப்பதில்லை. அந்தப் பதில்களைத் தேடிப் பிடிப்பது எப்படி என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசூலைக் கடைசியில் வையுங்கள். பொதுப் பள்ளி பொதுப் பணத்தில் நடக்கவேண்டியது, அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று தேடாமலே நாம் உண்டியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அப்படித் திரட்டும் பணத்தில் ஒரு பொருள் வாங்கலாம், ஒரு நாள் திறப்பு விழா நடத்தலாம். ஆனால் ஐந்து வருஷம் கழித்தும் அந்தப் பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் அது அரசு பட்ஜெட்டில் ஒரு செலவுத் தலைப்பாக ஏறியிருக்க வேண்டும்.

பள்ளிக்குப் போய்ப் பாருங்கள்

யோசனையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பள்ளிக்குப் போங்கள். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போவதுதான் முறை, திடீர் சோதனை போல நுழைந்தால் அன்றைக்கே உறவு கெட்டுவிடும், அப்புறம் எந்தக் கதவும் திறக்காது. ஆண்டு விழா நாளில் போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் போனால் எந்தக் கூரை ஒழுகுகிறது என்று தெரியும். மதிய இடைவேளையில் போனால் குடிநீர்க் குழாயில் வரிசை எவ்வளவு நீளம், கழிப்பறையில் எத்தனை பூட்டிக் கிடக்கிறது என்று தெரியும். விடுமுறை முடிந்து திறந்த முதல் வாரத்தில் போனால் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இன்னும் வரவில்லை என்பதைப் பார்க்கலாம்.

ஆசிரியர்களிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் பொருட்களின் பட்டியல்தான் வரும். "பாடம் நடத்தும் நேரத்தை எது தின்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதிவேடு நிரப்புவது, ஒரே விவரத்தை நாலு படிவத்தில் எழுதுவது, வராத ஆசிரியரின் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது, இரண்டு மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்து நடத்துவது என்று வேறு மாதிரி பதில்கள் வரும். இவற்றில் சிலவற்றைச் சரிசெய்யப் பணமே தேவைப்படாது, ஒரு சுற்றறிக்கை போதும்.

அப்புறம் மிக முக்கியமான ஒரு வேலை: பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று தெரிந்துகொள்வது. இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் ஏசர் என்ற பெயரில் நடத்தும் கணக்கெடுப்பில், ஊர்க்காரர்களான தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். கருவி ரொம்பச் சின்னது. ஒரே தாளில் சில எழுத்துகள், சில சொற்கள், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறுகதை. பிள்ளை எதுவரை தடையில்லாமல் வாசிக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இதே முறையைக் கென்யா, தான்சானியா, உகாண்டா நாடுகளில் உவேசோ என்ற பெயரில் எடுத்துக்கொண்டார்கள். நிபுணர் வேண்டியதில்லை, பொறுமையான பத்துப் பேர் போதும். பள்ளி ஒத்துக்கொண்டால் நீங்களும் செய்யலாம். பிள்ளைகளின் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள், முடிவை ஆசிரியர்களிடம்தான் முதலில் காட்டுங்கள், "இத்தனை பேர் சொற்களோடு நின்றுவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?" என்று அவர்களிடமே கேளுங்கள். ஆசிரியரைக் குற்றவாளியாக நிறுத்தும் எந்த முயற்சியும் நான் பார்த்தவரை உருப்பட்டதில்லை.

குறையை எழுதுங்கள், தீர்வை எழுதாதீர்கள்

பார்த்ததை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள், அதற்குள் தீர்வு ஒளிந்திருக்கக் கூடாது. "பள்ளியில் கணினி இல்லை" என்பது குறை மாதிரித் தெரியும், ஆனால் அது தீர்வை முன்பே முடிவு செய்துவிட்டுப் பின்னால் குறையைத் தேடிய வாக்கியம். "நான்காம் வகுப்பில் 40 பேரில் 18 பேரால் ஒரு பத்தியை வாசிக்க முடியவில்லை" என்பது குறை. "மாதவிடாய் நாட்களில் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் வருவதில்லை, தண்ணீர் வரும் கழிப்பறை ஒன்றுதான் இருக்கிறது" என்பதும் குறை. இப்படி எழுதினால்தான் எந்தத் தீர்வு பொருந்தும் என்று யோசிக்க இடம் கிடைக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பெரிய பெரிய திட்டங்களே இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கின்றன. பெரு நாடு 2008 முதல் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வாங்கியது. பிறகு ஆய்வு செய்து பார்த்தபோது கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதற்கு அடையாளம் இல்லை. கருவியை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்ற பயிற்சியும் துணையும் அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. மேற்குக் கென்யாவில் 1990களில் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பாடநூல் கொடுத்தால் படிப்பு வளரும் என்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் அது உதவியது. காரணம் எளிது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி, அவர்களால் அதை வாசிக்கவே முடியவில்லை. யாராவது ஒருத்தர் முதலில் அந்த ஒற்றைத் தாள் வாசிப்புச் சோதனையைச் செய்திருந்தால் அது முன்பே தெரிந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. வயதையும் வகுப்பையும் பார்க்காமல், வாசிக்கும் நிலையை வைத்துப் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, தினமும் கொஞ்ச நேரம் அந்த நிலையிலிருந்தே கற்பிக்கும் முறை பல இடங்களில் சோதிக்கப்பட்டு நல்ல பலன் தந்திருக்கிறது. பிரதம் வளர்த்தெடுத்த முறை அது, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் போயிருக்கிறது. அதற்கு வேண்டியது பயிற்சி பெற்ற ஆளும், நேரமும், கொஞ்சம் வாசிப்பு அட்டைகளும்தான். சீனாவின் மேற்குப் பகுதிக் கிராமங்களில் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்து ஆய்வு செய்தபோது கணித மதிப்பெண் கூடியது. கரும்பலகையே தெரியாத பிள்ளைக்கு நாம் கணினி வாங்கித் தரத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கலாம், யோசித்துப் பாருங்கள். கென்யா 2015ல் நாடு முழுக்கத் தொடங்கிய தூசோமே திட்டத்தில் ஆளுக்கொரு புத்தகம், ஆசிரியருக்கு நாள்வாரியான வழிகாட்டி, வகுப்புக்கே வந்து உட்கார்ந்து உதவும் பயிற்றுநர் என்று மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள், கீழ் வகுப்பு வாசிப்பு முன்னேறியது. முன்பு புத்தகம் மட்டும் கொடுத்து ஆகாத வேலை, வழிகாட்டியும் பயிற்றுநரும் கூடத் துணை நின்றபோது ஆகியிருக்கிறது.

பணம் ஏற்கெனவே எங்கே இருக்கிறது?

இது அலுப்பான வேலை, ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். கல்வி பட்ஜெட்டில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகும், அது நியாயமானதும்கூட, ஏனென்றால் பள்ளி என்பதே ஆசிரியர்தான். மிச்சமிருக்கும் சின்னப் பகுதியில்தான் பராமரிப்பு, புத்தகம், ஆய்வகம், பயிற்சி எல்லாம் அடக்கம். அந்தச் சின்னப் பகுதியாவது பள்ளிக்கு முழுசாக வந்து சேர்கிறதா?

உகாண்டாவின் கதை இதற்குத்தான். அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் இவ்வளவு என்று மத்திய அரசு ஒதுக்கிய மானியத்தில், 1991 முதல் 1995 வரை சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளைச் சென்றடைந்தது என்று ஒரு கணக்கெடுப்பில் தெரியவந்தது. மீதி நடுவிலேயே, மாவட்ட அளவில் நின்றுவிட்டது. அரசு அதற்குப் பிறகு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பும் தொகையைச் செய்தித்தாளில் வெளியிட ஆரம்பித்தது, வந்த தொகையைப் பள்ளியிலும் எழுதி ஒட்டச் சொன்னது. 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிக்கு வந்தது. வேறு சீர்திருத்தங்களும் அந்தக் காலத்தில் நடந்தன என்பதால் பெருமை முழுவதும் செய்தித்தாளுக்கே போகாது என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள், சரி. ஆனாலும் எவ்வளவு வரவேண்டும் என்று பெற்றோருக்குத் தெரிந்தால் கேட்க முடியும், தெரியாவிட்டால் கேட்கவே முடியாது என்பதில் வாதம் இல்லை.

ஆகவே மூன்று எண்களையும் ஒரு தேதியையும் தேடுங்கள். இந்தப் பள்ளிக்கு இந்த ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது, செலவானது எவ்வளவு. தேதியையும் சேர்த்துக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: நிதியாண்டு முடியப் பத்து நாள் இருக்கும்போது வரும் பணத்தை யாராலும் ஒழுங்காகச் செலவு செய்ய முடியாது, ஒன்று அவசரத்தில் வேண்டாத பொருள் வாங்குவார்கள், இல்லாவிட்டால் திரும்பிப் போகும். இந்த விவரம் பள்ளி நிர்வாகக் குழுவின் குறிப்பேட்டில் இருக்கலாம், துறையின் இணையதளத்தில் இருக்கலாம், தணிக்கை அறிக்கையில் இருக்கலாம். எங்கும் கிடைக்காவிட்டால் தகவல் கேட்கும் சட்டம் இருக்கும் நாடுகளில் அதன்படி எழுத்தில் கேளுங்கள். "கல்விச் செலவு பற்றி எல்லா விவரமும் தரவும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. எந்தப் பள்ளி, எந்த ஆண்டு, எந்தச் செலவுத் தலைப்பு என்று குறிப்பாகக் கேளுங்கள்.

மேல்மட்டத்துக்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது. 2015ல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட கல்வி 2030 செயல்திட்டம், நாட்டின் மொத்த உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதத்தை, அல்லது அரசின் மொத்தச் செலவில் 15 முதல் 20 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கச் சொல்கிறது. உங்கள் அரசு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மக்கள் பிரதிநிதியைச் சந்திக்கும்போது கையில் இருக்கவேண்டிய எண் இது. ஆனால் அதை வைத்தே முழுக் கூட்டத்தையும் ஓட்டிவிடாதீர்கள், சதவீதத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு ஒழுகும் கூரையை மறந்து வீட்டுக்கு வந்த கூட்டங்கள் உண்டு.

செலவைக் கணக்குப் போடும் விதம்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் ஒருமுறைச் செலவு, வலது பக்கம் தொடர் செலவு. யோசனைகள் செத்துப்போவது பெரும்பாலும் வலது பக்கத்தை யாரும் எழுதாததால்தான். கணினி அறை என்றால் இடது பக்கம் கணினி, மேசை, மின் இணைப்பு. வலது பக்கம் மின்கட்டணம், இணையக் கட்டணம், பழுதுபார்ப்பு, அந்த அறையைத் திறந்து பூட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆள், நாலைந்து வருஷத்தில் பழைய கணினிகளை மாற்றும் செலவு. நூலகம் என்றால் புத்தகத்தைவிட அதைத் தினமும் திறக்கும் ஆள்தான் பெரிய செலவு. கழிப்பறை கட்டுவது எளிது. துப்புரவுப் பணியாளரின் சம்பளத்துக்குப் பட்ஜெட்டில் இடம் இல்லாமல் கட்டிய கழிப்பறை ஆறு மாதத்தில் பூட்டப்படும், பிள்ளைகள் பழையபடி தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதை எழுதும்போதே மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் இது தவிர்க்கக்கூடியது.

யோசனை பெரிதாகும்போது செலவு எப்படி மாறும் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985ல் தொடங்கிய ஸ்டார் ஆய்வில், கீழ் வகுப்புகளில் 22 முதல் 25 பிள்ளைகள் இருந்த இடத்தில் 13 முதல் 17 பேர் மட்டும் வைத்துப் பார்த்தார்கள், படிப்பு தெளிவாக முன்னேறியது, ஏழைப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக. இதைப் பார்த்துக் கலிபோர்னியா 1996ல் மாநிலம் முழுக்க வகுப்பைச் சிறிதாக்கியது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான புது ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். அனுபவமுள்ளவர்கள் வசதியான பகுதிகளில் புதிதாகத் திறந்த இடங்களுக்கு மாறிப் போக, ஏழைப் பகுதிப் பள்ளிகளில் முழுத் தகுதிச் சான்று இல்லாதவர்களை வைத்து நிரப்பவேண்டியதாயிற்று, வகுப்பறைக்கும் தட்டுப்பாடு. யோசனையில் குறை இல்லை. ஆள் எங்கிருந்து வருவார் என்ற கணக்குதான் விட்டுப்போனது. உங்கள் யோசனைக்கு ஆள் வேண்டுமென்றால் அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்றும் எழுதுங்கள்.

பணம் வரும் வழிகள், எதை முதலில் முயல்வது

முதல் வழி மிச்சம் பிடிப்பது. பள்ளிக் கட்டடத்தின் மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், பயன்படாமல் கிடக்கும் நிலம், மாலையில் காலியாக இருக்கும் அரங்கு. அமெரிக்காவின் ஆர்க்கன்சாவில் பேட்ஸ்வில் என்ற ஊரின் பள்ளி மாவட்டம் 2017ல் தன் மின்செலவைத் தணிக்கை செய்தது, விளக்குகளையும் சாதனங்களையும் மாற்றியது, காலி நிலத்தில் சூரியத் தகடுகளைப் போட்டது, மிச்சமான பணத்தின் ஒரு பங்கை ஆசிரியர் சம்பளத்தை உயர்த்த வைத்துக்கொண்டது. இதில் நான் மதிப்பது இரண்டாவது பாதியை. மிச்சம் பிடித்த பணம் பள்ளிக்கே திரும்பும் என்று முன்கூட்டியே எழுத்தில் உறுதி வாங்காவிட்டால், அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் அதைக் கழித்துவிடுவார்கள், சிக்கனமாக இருந்த பள்ளிக்குத் தண்டனை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது வழி, உள்ளாட்சி பட்ஜெட்டில் மக்கள் நேரடியாக முடிவெடுக்கும் இடம் இருந்தால் அங்கே போவது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989ல் தொடங்கிவைத்த மக்கள் பங்கேற்பு பட்ஜெட் முறை இன்று உலகமெங்கும் பல நகரங்களில் இருக்கிறது. நியூயார்க்கில் 2011ல் ஆரம்பித்தார்கள், அங்கே மக்கள் ஓட்டில் ஜெயித்த வேலைகளில் பள்ளிக் கழிப்பறைச் சீரமைப்பும் வகுப்பறைத் தொழில்நுட்பமும் நிறைய. பிரான்சின் புவாத்து-ஷராந்த் பிராந்தியத்தில் 2005 முதல் மேல்நிலைப் பள்ளிகளுக்கான பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவு செய்வது என்று மாணவர், பெற்றோர், ஆசிரியர், சமையல் பணியாளர் வரை எல்லோரும் கூடி முடிவு செய்தார்கள். உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ இப்படி ஒரு வழி இல்லையென்றாலும் கவலையில்லை, ஒரு சின்னத் தொகையை வைத்து ஒரே பள்ளியில் பிள்ளைகளையே முடிவெடுக்கவிட்டுத் தொடங்கலாம். பெரியவர்களுக்குத் தோன்றாத குறைகள் வெளியே வரும்.

மூன்றாவது, தனி வரி அல்லது கல்விக்கென்று ஒதுக்கிய வருமானம். இங்கே ரொம்பக் கவனம் தேவை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் லாட்டரி வருமானம் கல்விக்கு என்று சொல்லி மக்களிடம் ஒப்புதல் வாங்கின. லாட்டரிப் பணம் உள்ளே வர வர, பொதுக் கணக்கிலிருந்து கல்விக்குப் போன பணம் மெல்லக் குறைக்கப்பட்டது, கூட்டிப் பார்த்தால் பள்ளிக்குப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. எனவே எந்தப் புது வருமானத்தைக் கேட்டாலும், "இது இப்போதுள்ள ஒதுக்கீட்டுக்கு மேல் கூடுதலாக, அந்த ஒதுக்கீடு குறையக் கூடாது" என்ற வரியைச் சேர்த்தே கேளுங்கள். அந்த ஊர் வரி அந்த ஊர்ப் பள்ளிக்கே என்ற யோசனையும் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பணக்கார ஊர்ப் பள்ளி பணக்காரப் பள்ளியாகவும் ஏழை ஊர்ப் பள்ளி ஏழைப் பள்ளியாகவும் நிலைத்துவிடும். அமெரிக்காவில் சொத்துவரியை நம்பிய பள்ளிகளில் அதுதான் நடந்தது, அந்த வழக்கு 1973ல் உச்ச நீதிமன்றம்வரை போயும் அந்த முறை செல்லும் என்றே தீர்ப்பானது.

நல்ல மாதிரியும் சொல்கிறேன். பிரேசிலின் செயாரா மாநிலம் 2007ல், நகராட்சிகளுக்குப் பகிர்ந்து தரும் விற்பனை வரியின் ஒரு பங்கை அந்தந்த நகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்பதோடு இணைத்தது. கூடவே தடுமாறிய நகராட்சிகளுக்குப் பாடப்பொருளும் பயிற்சியும் மாநிலமே கொடுத்தது. அந்த மாநிலத்தின் சோப்ரால் என்ற நகரம், வசதி குறைந்த பகுதியாக இருந்தும், நாட்டிலேயே முன்னணி மதிப்பெண் வாங்கும் ஊராக வளர்ந்தது. பரிசும் துணையும் சேர்ந்து வந்ததால்தான் இது நடந்தது என்று நினைக்கிறேன், பரிசு மட்டும் வைத்திருந்தால் பின்தங்கிய ஊர் இன்னும் பின்தங்கியிருக்கும். நீண்ட காலத்துக்கு யோசிப்பவர்கள் நிரந்தர நிதியையும் பார்க்கலாம். டெக்சாஸ் 1854ல் 20 லட்சம் டாலரை ஒதுக்கிப் பள்ளிகளுக்கென்று ஒரு நிலையான நிதியைத் தொடங்கியது, பிறகு பொது நிலத்திலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வந்த வருமானம் அதில் சேர்ந்தது, அசலைத் தொடாமல் அதன் வருவாய் இன்றும் பள்ளிகளுக்குப் போகிறது. கனிமமோ பொது நிலமோ உள்ள எந்த அரசிடமும் இதைக் கேட்கலாம்.

கடைசியாக நன்கொடை. ஒருமுறைச் செலவுக்கு மட்டும் வாங்குங்கள், சம்பளத்துக்கு வாங்காதீர்கள், கொடுப்பவர் நிறுத்தினால் ஆளும் போய்விடுவார். பணமாகக் கையில் வாங்குவதைவிடப் பொருளாக வருவது எல்லோருக்கும் நிம்மதி. 2000ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு ஆசிரியர் தொடங்கிய டோனர்ஸ்சூஸ் என்ற இணையதளம் இப்படித்தான் இயங்குகிறது, ஆசிரியர் தேவையை எழுதுவார், மக்கள் பணம் போடுவார்கள், பொருள் நேராகப் பள்ளிக்குப் போகும். நிறுவனங்கள் கொடுக்க வந்தால் நிபந்தனையை எழுத்தில் கேளுங்கள். வகுப்பறைச் சுவரில் விளம்பரம், பிள்ளைகளின் விவரம், அவர்கள் விற்கும் மென்பொருளையே வாங்கவேண்டிய கட்டாயம், இந்த மூன்றில் எது இருந்தாலும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இன்னொன்று, வசதியான பெற்றோர் உள்ள பள்ளியில் வசூல் குவியும், பக்கத்துப் பள்ளியில் ஒன்றும் வராது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் பல ஆண்டுகளாக, பெற்றோர் திரட்டும் தொகை ஒரு அளவைத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போய் ஏழைப் பள்ளிகளுக்குப் பகிரப்பட்டது. கொடுத்தவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை, சண்டையும் நடந்தது. ஆனாலும் தொடக்கத்திலேயே இப்படி ஒரு விதியை வைத்துக்கொள்ளச் சொல்வேன், பணம் சேர்ந்த பிறகு பேசினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மனு, கூட்டம், அதற்குப் பிறகு

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். முதல் வரியில் குறை, எண்ணோடு. அடுத்து நீங்கள் கேட்பது, ஒருமுறைச் செலவு, தொடர் செலவு. எந்தத் தலைப்பிலிருந்து பணம் வரலாம் என்று நீங்கள் கண்டுபிடித்தது. இதே வேலை நடந்த வேறு ஒரு இடம். கடைசியில், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். பள்ளி நிர்வாகக் குழுவின் தீர்மான நகலை இணைத்தால் மனுவின் எடை மாறிவிடும், அது ஒரு தனி ஆளின் ஆசையாக இல்லாமல் பள்ளியின் கோரிக்கையாகிவிடும். பள்ளிக் குழுக்களுக்கு உண்மையான அதிகாரம் கொடுத்த ஊர்களும் உண்டு. சிகாகோவில் 1988 சட்டப்படி அமைந்த குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மை, தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது முதல் பட்ஜெட்டுக்கு ஒப்புதல் கொடுப்பது வரை அவர்கள் கையில் இருந்தது. அங்கேயும் போட்டியிட ஆள் இல்லாமல் பல இடங்கள் நிரம்பாமல் போனதுண்டு. உங்கள் பள்ளிக் குழுவில் காலி இடம் இருந்தால் முதல் வேலையாக அதில் சேருங்கள்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். பட்ஜெட் வாசிக்கும் நாளில் கேட்டுப் பயனில்லை, அதற்குப் பல மாதம் முன்பே துறைகள் தங்கள் தேவையை எழுதி அனுப்பிவிடும். அந்தத் தேதியைக் கண்டுபிடித்து அதற்கு ஆறு வாரம் முன்பு மனு மேசையில் இருக்கும்படி பாருங்கள்.

மூன்று பதில்களை எதிர்பார்த்துப் போங்கள். "நிதி இல்லை" என்றால், போன ஆண்டு இதே தலைப்பில் திரும்பிப் போன தொகையைக் காட்டுங்கள், அதற்குத்தான் அந்த மூன்று எண்களைத் தேடியது. "எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்றால், யாருடைய அதிகாரம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். "உங்களுக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்றால், மூன்று பள்ளிகளில் ஒரு ஆண்டு சோதனையாகச் செய்யலாம், அதில் ஒன்று ரொம்பப் பின்தங்கிய பள்ளியாக இருக்கட்டும், முடிவைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லுங்கள். அதிகாரிகளில் பலருக்கு உதவ விருப்பம் இருக்கும், கோப்பில் எழுத ஒரு காரணம்தான் தேவைப்படும். அந்தக் காரணத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுப்பது உங்கள் வேலை.

வேலை நடந்தால், தொடங்கும் முன்பே ஒரு அளவை எடுத்துவைத்திருங்கள். எத்தனை பேர் வாசிக்கிறார்கள், எத்தனை நாள் வருகிறார்கள் என்று. ஒரு ஆண்டு கழித்து அதே முறையில் மறுபடி அளந்து, முன்னேற்றம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள், அடுத்த ஊர்க்காரர் அதே தவறைச் செய்யாமல் தப்பிப்பார். வரவு செலவைப் பள்ளி வாசலில், பெற்றோர் பேசும் மொழியில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வந்தது, செலவானது, மிச்சம், பில் யாரிடம் இருக்கிறது, அது போதும்.

மறுத்துவிட்டால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், காரணத்தோடு. அந்தக் காரணத்துக்கு ஒரு பத்தியில் பதில் எழுதி, செலவுக் கணக்கைப் புதுப்பித்து, அடுத்த ஆண்டு அதே தேதியில் மறுபடி கொடுங்கள். கோப்பின் ஒரு நகலை உங்களிடமும் இன்னொன்றை, பிள்ளை இப்போதுதான் முதல் வகுப்பில் சேர்ந்திருக்கும் ஒரு பெற்றோரிடமும் வையுங்கள். உங்கள் பிள்ளை பள்ளியை முடித்துப் போன பிறகும் அவர் அங்கே இருப்பார்.